மங்கோலியாப் பொண்ணு

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் பசிக்கும். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் சோறு இறங்காதாம், தூக்கம் வராதாம். எனக்கு இரண்டும் தாராளமாக வரும். இந்த வருடம் என் ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்த தையல்காரம்மா, "இன்னாம்மா, வூட்டுல அண்ணன் நல்லா சமைச்சிப் போடறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கணவர் நன்றாகத்தான் சமைத்துப் போட்டார். எனக்கு மட்டுமல்ல, உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். இரண்டு பொட்டலத்தையும் நான்தான் தின்றேன்.

செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் என் கணவரும்தான். நான் மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டில் ரூம் புக்கிங் பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் லீவு என்றால் எங்களுக்குத்தான் வேலை. சனி, ஞாயிறு மூச்சு விட நேரம் இருக்காது. விடியற்காலை பஸ்ஸில் போய், நாலு மணி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்புவேன்.

அவர் அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக்காரர். பாலிடெக்னிக் முடித்து, ஒரகடம் பக்கம் வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். போன வருடம் அந்தப் பிரிவையே வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மிஷின்கள் லாரி ஏறிப் போயின. ஆட்களுக்குப் பிரியாணி போட்டுக் கைகுலுக்கி அனுப்பினார்கள். முதல் மாதம் அவர் ஜாலியாகத்தான் இருந்தார். இத்தனை வருடத் தூக்கத்தையும் தூங்கித் தீர்க்கிறேன் என்றார். இரண்டாவது மாதம் ஃபேனை எல்லாம் கழற்றித் துடைத்தார், குழாய்களுக்கு வாஷர் மாற்றினார், கீழ் வீட்டுக்காரர்கள் கேட்காமலேயே அவர்கள் வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டார். மூன்றாவது மாதம் வீட்டில் கழற்ற எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் பேச்சு குறைந்தது.

எங்கள் வீட்டில் கல்யாணமான நாள் முதலாக டிவியில் வருகிற வினாடி வினா நிகழ்ச்சி எதுவாக இருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து விளையாடுவோம். எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. திரையில் நாலு ஆப்ஷன் வருவதற்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். ஆப்ஷன் வந்த பிறகு சொன்னால் அதற்குப் பெயர் பஸ் ஸ்டாண்டு பதில். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற யாரும் அதைச் சொல்லிவிடலாம் என்று அர்த்தம். இதில் எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். நான் சினிமா, சமையல் என்று வந்தால் எட்டிப் பார்ப்பேன். அவர் நியூஸ்பேப்பர் படிக்கிறவர், பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் போடுவார். தோற்பதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. அவர் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

வேலை போன பிறகு அவருக்குப் பதில்கள் வரவில்லை. தெரிந்ததும் வரவில்லை. "தொண்ட வரைக்கும் வந்துகினு கீது" என்பார்; அதற்குள் ஆப்ஷன் வந்துவிடும். கொஞ்ச நாள் போட்டியாளர்களைத் திட்டினார். பிறகு திட்டுவதையும் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு நிகழ்ச்சியிலும் ஒரு பதில்கூட வராமல், பாதியில் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, "மெஷின ஓட்டாம போட்டா துருப் புடிச்சிடும். அப்படித்தான் இதுவும்" என்று தலையைத் தட்டிக் காட்டினார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் காதிலும் அது விழுந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டு பிடித்து, போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. சனி, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு டிவியில் வரவேண்டிய நிகழ்ச்சி, காசு கட்டினவர்களுக்குக் காலையிலேயே சேனலின் ஆப்பில் வந்துவிடுகிறது. என் போன் ரீசார்ஜோடு அந்த வசதியும் சேர்ந்தே வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பஸ் பூஞ்சேரி தாண்டும்போது நிகழ்ச்சியை நடத்துபவர் கேட்டார், மங்கோலியாவின் தலைநகரம் எது? உலான்பாத்தர். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

அன்று டீ குடிக்கும்போது சொன்னேன். "எங்க ஆபீசுல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்துகீது. வாயே மூடல. அவங்க அண்ணனுக்கு மங்கோலியாவுல வேலையாம். தலைநகரமே ஒரே குளிராம். உலான்பாத்தராம், பேரப் பாரு. அங்கருந்து அவளுக்கு ஒரு கம்பளிக் குல்லா வந்துகீது. நம்ம ஊரு வெயில்ல அத மாட்டிக்கினு வந்து உக்காருது."

"குல்லாவா?" என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இரவு அந்தக் கேள்வி வந்தது. அவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உலான்பாத்தர்!" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏய், உங்க குல்லாப் பொண்ணு புண்ணியத்துல!" என்றார். சிரித்த வேகத்தில் அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னார். அது நான் சொல்லிக் கொடுக்காதது. அதற்கடுத்ததும் வந்தது. அன்றைக்கு அந்தப் புருவம் மேலே போனது. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, சமையலறைக்குப் போய் நாலு முறுக்கு தின்றேன்.

ஒரு தடவையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த நாளும் பார்த்தேன், அடுத்த வாரமும். ஆனால் உஷாராகிவிட்டேன். சொன்ன அன்றைக்கே கேள்வி வந்தால் சந்தேகம் வரும் என்று, பதிலை நாலு வெட்டிப் பேச்சுக்கு நடுவில் ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. எல்லாவற்றையும் சுமக்க அந்தப் பெண் இருந்தாள். அவள் கணவாய் மீன் சாப்பிட மாட்டாள்; ஏனென்றால் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் மூன்று இதயமாம், பாவமாம். அவள் சித்தப்பா பாக்தாத்தில் டைக்ரிஸ் ஆற்றங்கரையில் கட்டட வேலை பார்த்தவர். சவுதியில் அவள் மாமாவுக்கு ஆறு பார்க்காமல் ஏங்கிப் போயிற்றாம், அந்த நாட்டில் ஆறே கிடையாதாம். எங்களிடம் வந்து தங்கின ஒரு எத்தியோப்பியாக்காரர் அவளிடம் காப்பி எங்கள் நாட்டில்தான் பிறந்தது என்று சண்டை போட்டார். ஒரு மனுஷிக்கு இவ்வளவு சொந்தக்காரர்களா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. அவருக்கு அது தோன்றவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற ரிசார்ட்டில் இப்படித்தான் ஆட்கள் இருப்பார்கள் என்று நம்பினார். என்னை நம்பினார் என்பதுதான் சரி.

அவர் அவளுக்கு மங்கோலியாப் பொண்ணு என்று பேர் வைத்துவிட்டார். நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே, "மங்கோலியாப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்பார். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் உளறிவிட்டேன்; பிறகு அந்த மாப்பிள்ளையையும் நான்தான் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவன் கடைசியில் வேண்டாம் என்று போய்விட்டதாகச் சொன்னதும் இவருக்கு ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. "நல்ல அறிவான பொண்ண வேணாம்னு சொல்லிக்கிறான் பாரு, பேமானி" என்றார். மறுநாள் காலை எலுமிச்சைச் சாதம் கிளறி, இரண்டு பொட்டலமாகக் கட்டி, ஒன்றின் மேல் நூல் சுற்றி அடையாளம் வைத்துக் கொடுத்தார். "அதுக்குக் குடு. பட்னி கிட்னி கெடக்கப் போவுது."

நான் அதைக் கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற ஊழியர் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து தின்றேன். முதலில் என் பொட்டலம், பிறகு நூல் சுற்றினது. அவளுடையதில் வேர்க்கடலை அதிகமாகப் போட்டிருந்தார். திங்கத் திங்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போனதும், "நல்லா இருந்திச்சின்னு சொல்லிச்சா?" என்று கேட்டார். சொல்லிச்சு என்றேன். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் அவருக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எனக்கும் வசதியாக இருந்தது. கலகலப்பான மனிதரோடு இருப்பது சுலபம். சோர்ந்து உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்தில் சும்மா உட்காரும் பொறுமை எனக்கு இல்லை. பஸ்ஸில் இரண்டு பதிலைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டால் ராத்திரிச் சாப்பாடு சிரிப்போடு நடந்தது. நான் சமாளித்தது அவர் வருத்தத்தையா என் அலுப்பையா என்று இப்போது யோசித்தால் எனக்கே பதில் பிடிக்கவில்லை.

மாற்றம் வந்ததும் உண்மை. அவர் முகம் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். நூலகத்துக்குப் போனார். நான் சொல்லாத கேள்விகளுக்கும் நிறையப் பதில் சொன்னார். அப்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். இனி நிறுத்திவிடலாம், தானே ஓட ஆரம்பித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் ஏதாவது ஒரு சனிக்கிழமை முதல் இரண்டு கேள்வியில் அவர் தடுமாறி, அந்தப் பழைய முகம் எட்டிப் பார்த்தால் போதும், மறுநாள் பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிவிடுவேன்.

அந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. இடையில் ஒரு கேள்வி கேட்பார்கள், சரியான பதிலை போனில் அனுப்ப வேண்டும். பெரு நாட்டுக்கும் பொலிவியாவுக்கும் நடுவில் இருக்கும் ஏரியின் பெயர் என்ன? டிட்டிகாக்கா. அந்தக் கேள்வியை நான் பிற்பகலிலேயே பார்த்துவிட்டேன். அவர் விண்ணப்பிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வழக்கமான ஒரு கேள்வி என்று நினைத்து, மங்கோலியாப் பொண்ணு டிட்டிகாக்கா என்று பெயர் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையைச் சொன்னேன். இரவு அவர் ஆப்ஷன் வருவதற்கு முன்னால் கத்தினார். கத்திவிட்டு போனை எடுத்து அனுப்பியும்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர்களிடமிருந்து போன் வந்தது. சென்னையில் ஆடிஷன், நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அதே வாரம் அவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய குடோனில் ஸ்டோர் இன்சார்ஜ் வேலை காலியாக இருக்கிறது, தெரிந்தவர் மூலம் பேசி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்றார். எங்கள் வீட்டுப் படிகளை மூச்சு வாங்க ஏறி வந்து சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"இல்ல மாமா. ஆடிஷனுக்குக் கூப்ட்டுகிறாங்க. இப்ப போய் அங்க மாட்டிக்கினா லீவு குடுக்க மாட்டான். இது முடியட்டும்."

"மச்சான், டிவில வர்றது இன்னா நிரந்தரமா? இது மாசா மாசம் வர்றது. அவன் வேற ஆளப் பாத்துடுவான்."

"பாக்கட்டும் மாமா. எனக்கு மூள நல்லா வேல செய்யுது இப்ப. இவள வேணா கேளுங்க."

அக்கா வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். நான் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்விக்கு நான் ஆப்ஷன் இல்லாமலே பதில் சொல்லியிருக்கலாம். வேலைக்குப் போங்க, இந்த விளையாட்டில் பாதி நான் கிளப்பிவிட்டது என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. "அவரு இஷ்டம் அண்ணா" என்றேன். அண்ணன் டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார். அந்த வேலை அடுத்த வாரமே வேறு ஒருவருக்குப் போயிற்று. அன்று நான் தின்றதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆடிஷனுக்கு அவர் தனியாகத்தான் போனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அங்கே நிற்கிற தைரியம் எனக்கு இல்லை. அன்று முழுக்க யாரோ கேட்கிற ரூமை யாருக்கோ போட்டுக் கொடுத்து மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். அவர் தேர்வாகக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதும் அன்றைக்குத்தான். கட்டின மனைவி இப்படி வேண்டலாமா என்று கேட்டால், நான் வேண்டினேன்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவர் வந்துவிட்டிருந்தார். காலையில் போட்டுப் போன இஸ்திரிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அஞ்சு கேட்டாங்க. ரெண்டுதான் கரெக்டா சொன்னேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தயாரானேன்.

"ஆனா என் கதை அவங்களுக்குப் புடிச்சிடுச்சி. வேல போயி, மூள துருப் புடிச்சி வூட்டுல உக்காந்துகினு இருந்தவன், டிவியப் பாத்துப் பாத்தே தேறி வந்துட்டான். இதத்தான் ஜனங்க பாக்கணும்னு அந்த மேடம் சொல்லுது. எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. வூட்டுக்கு வந்து ஷூட்டிங்கூட எடுப்பாங்களாம். இந்த சோபாவுல நாம உக்காந்து பதில் சொல்றத."

நான் சோபாவைப் பார்த்தேன். கைப்பிடியில் பிய்ந்த இடத்தை அவர் ஏற்கனவே துண்டு போட்டு மறைத்து வைத்திருந்தார்.

"இன்னொண்ணு. பதில் தெரியலன்னா ஒருத்தருக்குப் போன் போட்டு உதவி கேக்கலாம் இல்ல? யாருக்குப் போடுவீங்கன்னு கேட்டாங்க. வூட்டு ஆளு இருக்கக் கூடாதாம். நான் யோசிக்கவே இல்ல. எங்க வூட்டுக்காரம்மா ஆபீசுல ஒரு பொண்ணு கீது, உலகத்துல அதுக்குத் தெரியாததே இல்லன்னு சொல்லிட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நம்பர் குடுக்கணும். வாங்கிக்கினு வந்துடு."

சரி என்றேன். இப்போதும் சரி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். நான் எவ்வளவு கீழே இறங்கினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், அணுபுரத்திலிருந்து வருகிறவள், நல்ல மாதிரி. கொஞ்ச நாள் மங்கோலியாப் பொண்ணாக நடிக்க முடியுமா என்று அவளிடம் கேட்கலாம் என்று போய் நின்றேன். அவளுக்கு அண்ணன் உண்டா, கம்பளிக் குல்லா உண்டா, அவரே ஒரு நாள் போன் செய்து கல்யாண விஷயம் விசாரித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்க மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து, "சொல்லுங்கக்கா, என்ன வேணும்?" என்றாள். ஸ்டேப்ளர் வேணும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் கட்டிக் கொடுத்த நூல் சுற்றின பொட்டலம் பையில் இருந்தது. அன்று அதைப் பிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பசிக்கவில்லை.

பஸ்ஸில் முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அவர் கீழே பேப்பரை விரித்துக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்கினியா?"

"அப்படி ஒரு பொண்ணே இல்லங்க."

"வேலைய விட்டுடுச்சா?"

"இல்லங்க. எப்பவுமே இல்ல. நானா சொன்னது."

அவருக்குப் புரியவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்து காட்டினேன். டிவியில் வருவதற்கு முன்னாலேயே இதில் வந்துவிடுகிறது, பஸ்ஸில் பார்த்துவிட்டு வந்து டீ குடிக்கும்போது உங்கள் காதில் போடுவேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அது செய்ததைவிட அசிங்கமாக இருந்தது. எதற்காகச் செய்தேன் என்பதையும் சொன்னேன். நீங்கள் துருப்பிடித்துவிட்டேன் என்று சொன்னது பொறுக்கவில்லை என்றேன். குடோன் வேலை வந்த அன்றைக்கே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு என்றேன். அவர் கையில் ஒரு கொத்தவரங்காய் இருந்தது. அதை ஒடிக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அப்ப, மாப்பிள வேணாம்னு சொன்னது?" என்றார்.

"அதுவும் இல்ல."

"நான் கட்டிக் குடுத்த சோறு?"

"நான்தான் சாப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் அவர் அந்தப் பெண்ணுக்காகத்தான் வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். அவ்வளவு நாள் பழகின ஒருத்தி ஒரே நொடியில் காணாமல் போய்விட்டாள். பிறகு அவர் பார்வை மெதுவாக டிவி பக்கம் போயிற்று. அது அணைந்துதான் இருந்தது.

"அவங்களுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

"ஏன்? நீங்களா சொன்னது எவ்ளோ இருக்குது. நான் வாரத்துக்கு ரெண்டோ மூணோதான். மீதி எல்லாம் உங்களுதுங்க."

"பாக்தாத்துல ஓடற ஆறு? டைக்ரிஸ்? அத நான் படக்குனு சொன்னேனே. நீ பாத்துக்கினுதான இருந்த."

அந்தப் பதிலைச் சொன்ன இரவில் அவர் எழுந்து நின்று கைதட்டினது எனக்கு நினைவிருந்தது. அவளுக்கு பாக்தாத்தில் ஒரு சித்தப்பாவை நான் வைத்ததும் நினைவிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுவும் உன்னுதா" என்றார். கேட்கவில்லை, சொன்னார். கொத்தவரங்காய்களைப் பேப்பரோடு சுருட்டி ஓரமாக வைத்தார். அப்புறம் என் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி. எதெல்லாம் என்னுது? நீயே சொல்லு."

நான் வேகமாக ஆரம்பித்தேன். "துருப் புடிக்காத இரும்புல இன்னா கலக்கறாங்கன்னு கேட்டான், குரோமியம்னு சொன்னீங்க. அது உங்களுது."

"அது என் வேல. தெரியாம போவுமா. அப்பறம்?"

"வேடந்தாங்கல்."

"எங்கூருக்குப் பக்கத்துல கீது. அப்பறம்?"

"வயலின்ல எத்தன தந்தி. நாலுன்னு சொன்னீங்க."

அவர் தலையசைத்தார். பள்ளிக்கூடத்தில் மார்க் வாசிக்கும்போது காத்திருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்றார்.

நான் யோசித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக யோசித்தேன். உலான்பாத்தர் வந்தது, ஆக்டோபஸ் வந்தது, எத்தியோப்பியா, சவுதி, டிட்டிகாக்கா வந்தது. நான் கொண்டு வந்து போட்டது ஒவ்வொன்றும், எந்தப் பஸ்ஸில், எந்த நிறுத்தத்தில் பார்த்தேன் என்பது வரைக்கும் வந்தது. அவர் தானாகச் சொன்ன பதில்களின்போது நான் நிம்மதியாகக் கண்ணை மூடிச் சோபாவில் சாய்ந்திருப்பேன். அவற்றைக் கவனித்துக் கேட்டதே இல்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான் இல்லை. நிறைய இருந்தது. சத்தியமாக நிறைய இருந்தது. எனக்குத்தான் அதற்கு மேல் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.